பவுனம்மா கரையைக் கடந்த நாள்

ஐப்பசி பிறந்ததும் ஆலாமேட்டுக்கு நேர் எதிரே கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்தது. வருசா வருசம் வருவதுதான். வந்தால் நாலு நாள் தங்கும், ஓலையைப் பிடுங்கும், வேலியைச் சாய்க்கும், வடக்கேயோ தெற்கேயோ போய்க் கரையேறித் தொலையும். ஆனால் இது ஐப்பசி போய்க் கார்த்திகை வந்து, கோயில் வாசலில் சொக்கப்பனைக்கு நட்ட பனைமரம் பற்றாமல் புகைந்து அணைந்து, அந்தக் கார்த்திகையும் பாதி கழிந்த பிறகும் நகரவில்லை. ஓங்கி அடித்துவிட்டுப் போனாலாவது தேவலை. இது அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நிற்கிற பிள்ளை மாதிரி தூறிக்கொண்டே நின்றது.

நின்றதோடு விட்டதா? மத்தியானமானால் ஊருக்குள் வந்தது. வீடு வீடாக நுழைந்து சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தது, தூளியை ஆட்டிப் பார்த்தது, அடுப்பை ஊதி அணைத்தது, பொம்பளைகள் விளக்குமாற்றைத் தூக்கினால் சிணுங்கிக்கொண்டே வெளியே போய்த் திரும்பவும் கடல்மேல் உட்கார்ந்துகொண்டது. கருவாடு காயவில்லை, புழு வைத்தது. தீக்குச்சி பற்றவில்லை. படகு இறங்கவில்லை. அரிசிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டான்.

கடைசியில் ஜீப்பில் ஒரு வானிலைக்காரர் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார், கையிலிருந்த கருவியைப் பார்த்தார், திரும்பவும் கடலைப் பார்த்தார்.

“இதுக்குப் பேரு என்னா சார்?” என்று கேட்டார் ஊர்த் தலைவர் அஞ்சாப்புலி.

“பேர் கிடையாதுங்க. மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் காத்து இருந்தாத்தான் புயல். புயலுக்குத்தான் பேர். பதிமூணு நாடு சேர்ந்து முன்கூட்டியே பேர் கொடுத்து வரிசையா வச்சிருக்கு, முறை வர்றப்ப ஒண்ணு ஒண்ணா எடுத்து வைப்போம். ஒரு தடவை வச்ச பேரை மறுபடி எதுக்கும் வைக்க மாட்டோம். இது வெறும் தாழ்வு மண்டலம். பேர் வைக்கிற அளவுக்கு வளரல.”

அவர் போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன வார்த்தை ஊருக்குள் தங்கிவிட்டது. ஓகோ, பேர் வைக்காத பிள்ளையா இது, அதுதான் இந்த அழுகையா என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து யாரும் அதை விளக்குமாற்றால் அடிக்கவில்லை.

அது உண்மைதான் என்று தெற்குத்தெரு வேம்பரசியின் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று தெரிந்துபோனது. ஆலாமேட்டில் பிள்ளைக்குப் பேர் வைப்பது தாய்மாமன். மடியில் போட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தடவி, காதில் மூன்று தடவை ஓதுவான். ஓதினவன் கடைசிவரை அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு. மாமன் குனிந்தான், வாயைத் திறந்தான், அந்த நேரம் பார்த்து ஈரத் தலையை நடுவில் நீட்டிய தாழ்வு அந்தப் பேரை வாங்கிக்கொண்டு வெளியே ஓடியது. மாமன் வாயில் பேர் இல்லை. சபையில் ஒருத்தருக்கும் அது ஞாபகத்திலும் இல்லை. ஆனால் வானம் விட்டது! தாழ்வு துள்ளிக் குதித்துக்கொண்டு கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்விட்டது. பொம்பளைகள் இருக்கிற கருவாட்டையெல்லாம் களத்தில் கொட்டினார்கள். வெயில் ஒரு பொழுதுதான். சாயங்காலம் அது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. பேர் புதுசு, யாரும் கூப்பிட்டுப் பழகாத பேர், அதனிடம் ஒட்டாமல் வழியிலேயே நழுவிவிட்டது.

பிறகு ஊர் என்னென்னமோ செய்து பார்த்தது. பூப்பேர் சொன்னார்கள், நட்சத்திரப் பேர் சொன்னார்கள், ஒருத்தன் தன் நாயின் பேரைச் சொன்னான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனுசப் பேர்தான் வேண்டும், அதுவும் நாலு பேர் வாயில் புழங்கித் தேய்ந்த பேர் வேண்டும், கொடுத்தால் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வராது. இதுதான் கணக்கு. கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு என்று எழுதிக் குலுக்கினார்கள். எந்த வீட்டுச் சீட்டு வருகிறதோ அந்த வீட்டு ஆள் ஒருத்தர் பேரைத் தர வேண்டும், யார் பேர் என்பதை அந்த வீட்டுக்காரனே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சித்திரவேல் வீட்டுச் சீட்டு வந்தது.

சித்திரவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரை நடத்துகிற நாலு பேரில் ஒருவன், ஐம்பதைத் தொட்டவன். அஞ்சாப்புலிக்குப் பிறகு அவன்தான் தலைவர் என்று ஊருக்கே தெரியும், அவனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். வீட்டில் மனைவி மலர்க்கொடி, தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிற மகள் இளவேனி. கொல்லைப்புறம் ஒரு குடிசையில் தங்கச்சி பவுனம்மா. புருசன் அந்தமானுக்குப் போய் அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான், பிள்ளையும் கிடையாது, கருவாடு போட்டுத் தனியாகப் பொங்கித் தின்றாள்.

ஆனால் ஆலாமேட்டில் காலையிலிருந்து ராத்திரிவரை அதிகம் கேட்கிற பேர் எது என்றால் அது மாரியம்மன் பேர்கூட இல்லை, பவுனம்மா பேர்தான். இடுப்புவலி கண்டால் பவுனு, பந்திக்கு மீன் ஆய பவுனு, காய்ச்சல்காரன் பக்கத்தில் உட்கார பவுனு, சாவு வீட்டில் மாரடிக்க ஆள் போதவில்லையா, கூப்பிடு பவுனை. எந்தத் தெருவிலிருந்து கூப்பிட்டாலும் “தோ வந்துட்டேன்” என்று ஒரு குரல் வரும், குரலுக்குப் பின்னாலேயே ஆளும் வரும்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சித்திரவேல் நின்றான். மகள் பேரைக் கொடுக்கலாமா? பத்திரிகை அடித்தாகிவிட்டது, பேரில்லாத பெண்ணை எவன் கட்டுவான். மனைவி பேரைக் கொடுத்தால் மச்சான்மார் மூன்று பேரும் அரிவாளோடு வருவார்கள். தன் பேர் இருந்தது. இல்லாமல் இல்லை, நன்றாகவே இருந்தது, படகில் சிவப்புப் பெயிண்டில் இருந்தது, நாளைக்குத் தலைவர் என்று மைக்கில் சொல்ல வேண்டிய பேராக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தான், தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டான். அப்புறம் வாய் தானாகத் திறந்த மாதிரி மைக்கில் சொன்னான்.

“பவுனம்மா.”

பாவி, யாராவது ஒருத்தர் பேசியிருக்கலாம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளைக் கையில் ஏந்தினவள் அவள்.

“தங்கச்சி தனி அடுப்பாச்சே,” என்று அஞ்சாப்புலி இழுத்தார். இழுத்துவிட்டு அவரே, “தனி அடுப்புதான், ஆனா தலைக்கட்டு இல்லையே, பொம்பளை. வரி கட்டுறதில்ல, சீட்டும் போடல. அண்ணன் வீட்டோட சேத்திதான்,” என்று முடித்தார்.

“ஆமாமா, சேத்திதான், சேத்திதான்” என்று சபை முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. அவனவன் வீட்டுப் பேர் தப்பித்த சந்தோசம் அவனவன் முகத்தில் தெரிந்தது. சித்திரவேலுக்கு அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது, அவ்வளவு பேர் தலையாட்டினால் அது எப்படித் தப்பாகும்?

கோயிலுக்குப் பின்னால் பஞ்சாயத்துக்காரர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தது பவுனம்மாதான். மைக்கில் தன் பேர் வந்ததும் “தோ வந்துட்டேன்” என்று கரண்டியோடு ஓடிவந்தாள். பொம்பளைகள் நிற்கிற எல்லையில் வந்து நின்று, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எல்லார் முகத்தையும் பார்த்தாள். ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. யாரோ ஒரு கிழவி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

“அண்ணே?” என்றாள்.

“ஊர் முடிவு பவுனு,” என்றான் சித்திரவேல். பொய். அது ஊர் முடிவு இல்லை என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பொங்கி வழிகிற பாலை இறக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஊரே கரையில் நிற்க, தாய்மாமன் முறைக்குச் சித்திரவேலே தட்டு எடுத்தான். கண்ணாடி வளையல், சர்க்கரை, மஞ்சள் துணி. மார்பளவு தண்ணீருக்குள் போனான். தாழ்வு கிட்டே வந்து தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தது. என்ன ஆர்வம் அதற்கு! அலையே எழும்பாமல் அடக்கிக்கொண்டு நின்றது. பவுனம்மா என்று ஒரு தடவை ஓதினான், பவுனம்மா என்று இரண்டாவது தடவை ஓதினான், மூன்றாவது தடவை ஓதினபோது நாக்கில் இருந்த ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போனது தெரிந்தது. கரையில் நின்ற அத்தனை பேர் வாயிலிருந்தும் போயிற்று.

தாழ்வு எழுந்து நின்றது. அதுவரை உட்கார்ந்தே இருந்தது எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் தெரிந்தது. புது வளையல் சத்தத்தோடு வடக்கே கிளம்பிப் போனது.

வெயில் வந்தது. ஆகா, அந்த வெயில்! கருவாடு காய்ந்தது, படகு இறங்கியது, வலை நிறைய வஞ்சிரம் வந்தது. டிவியில் மட்டும் ஒரு கூத்து. வரிசையில் அடுத்ததாக இருந்த, ஏதோ ஒரு தேசம் ஆசையாகக் கொடுத்த பேரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். ஆனால் செய்தி வாசிக்கிற பெண் அந்தப் பேரை வாசிக்க வாயைத் திறந்தால் வேறு ஒரு பேர் வந்தது. அவள் திணறினாள், தண்ணீர் குடித்தாள், திரும்ப வாசித்தாள், அதே பேர்தான் வந்தது. இரண்டு நாளில் எல்லாச் சேனலும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டன. ஆலாமேட்டார் காதில் மட்டும் அந்த இடம் வந்தால் ஓர் இரைச்சல்தான் கேட்டது. பேர் கிடைத்ததும் வளர்ந்தது, வளர்ந்ததும் வேகம் பிடித்தது, அறுபத்திரண்டைத் தாண்டி நூறைத் தாண்டி, நாலு ஆற்றுக்கு வடக்கே சங்குத்திட்டு என்கிற ஊரில் கரையைக் கடந்தது. அந்த ஊரில் முக்கால்வாசி வீடுகள் போயின. ஆட்களும் போனார்கள். டிவியில் அந்தப் பிணங்களைக் காட்டினபோது ஆலாமேட்டில் ஒவ்வொரு வீடாகப் பெட்டியை அணைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் எப்படிப் பழகிக்கொண்டது என்றால், சுலபமாகப் பழகிக்கொண்டது. “இந்தாம்மா” என்றார்கள், “ஏ புள்ள” என்றார்கள், “சித்திரவேலு வீட்டுக் கொல்லையில இருக்கிறவங்க” என்றார்கள். கொஞ்ச நாளில் அதையும் விட்டார்கள். கூப்பிடப் பேரில்லாதவளை எப்படி வேலைக்குக் கூப்பிடுவது? மேற்குத்தெருவில் ஒருத்திக்கு இடுப்புவலி கண்டபோது அவள் மாமியார் தெருவில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள், பிறகு ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள். களத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த தங்கச்சி, இருந்தாற்போலிருந்து வடக்கே திரும்பி, யாரோ அதட்டின மாதிரி தோளைக் குறுக்கிக்கொள்வாள். சங்குத்திட்டில் யாரோ அந்தப் பேரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று சித்திரவேலுக்குப் புரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் தோள் குறுகுகிறது என்று பார்க்கக் கூடாது என்றே அவன் கொல்லைப்பக்கச் சன்னலைச் சாத்தி வைத்தான்.

சோறு போடும்போது மகள் கேட்டாள்.

“அப்பா, உங்க பேரு இருந்துச்சே?”

மலர்க்கொடி, “வாயை மூடு இளவேனி, அப்பா சாப்புடுறாரு,” என்றாள்.

“அத்தையைப் பேர் சொல்லிக் கூப்புட முடியாம எனக்கு எப்படிக் கல்யாணம்? நாத்தனார் முடிச்சு அவங்க வீட்டு ஆளு போடும். நம்ம பக்கம் என் கூட மணவறையில யாரு நிப்பா? உங்க பேரு இருந்துச்சேப்பா.”

அவனுக்கு வெட்கமாக இருந்தது. சோற்றைப் பிசைந்த கையைப் பார்க்க வெட்கமாக இருந்தது, பெற்ற மகள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

தங்கச்சி கருவாட்டுக் கூடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தான். புதுப் பேர் ஒன்று யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னான், குனிந்து அவள் காதில் ஓதினான், மூன்று தடவை ஓதினான். அந்தப் பேர் அவள் தோளில் விழுந்து மண்ணில் உருண்டது. இன்னொன்று ஓதினான். அதுவும் உருண்டது.

“விடுண்ணே. ஒட்ட மாட்டேங்குது.”

“என் பேர எடுத்துக்க. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு வேணாம்.”

அவள் சிரித்துவிட்டாள். “நல்லா இருக்கே! தெருவுல நின்னுக்கிட்டு என்னையச் சித்திரவேலுன்னு கூப்புடுவியா?” என்றாள். சிரிப்பு நின்ற பிறகு ஊசியில் நூலைக் கோத்தாள். “இப்பக் குடுக்குறியேண்ணே,” என்றாள். அவள் நாலு வார்த்தை வைதிருந்தால் அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மார்கழி முடியப் போகிற சமயம் அந்த வேன் வந்தது. பகல் பதினோரு மணி, ஆம்பளைகள் எல்லாம் கோயில் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேனிலிருந்து இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், நெற்றியில் பொட்டு இல்லை.

“சங்குத்திட்டுலேர்ந்து வர்றோம்,” என்றாள். “இங்க பவுனம்மாங்கிறது யாரு?”

இரைச்சல் இல்லை. அத்தனை நாளுக்குப் பிறகு ஆலாமேட்டார் காதில் அந்தப் பேர் சுத்தமாக விழுந்தது. புயல் சங்குத்திட்டில் செத்தபோது பேரை அங்கேயே போட்டுவிட்டுச் செத்திருக்கிறது, அந்த ஊர் வாய்க்கு அது சொந்தமாகிவிட்டது. வலை பிரித்த கைகள் எல்லாம் நின்றன.

“யாரும்மா சொன்னா இங்கன்னு?” என்று அஞ்சாப்புலி கேட்டார்.

“அதுதான் சொல்லிச்சு. அடிக்கிறப்ப, கூரையைத் தூக்குறப்ப, ஒவ்வொரு வீட்டுலயும் நொழைஞ்சு நொழைஞ்சு, நான் ஆலாமேட்டுப் பவுனம்மா, நான் ஆலாமேட்டுப் பவுனம்மான்னு சொல்லிக்கிட்டே போச்சு. அவ்வளவு சந்தோசமாச் சொல்லிச்சு. என் புருசன் கையை என் கையிலேர்ந்து பிடுங்குறப்பயும் சொல்லிச்சு. யாரு அதுன்னு நான் பாக்கணும்.”

“அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லையேம்மா,” என்றார் தலைவர். பொய் சொன்ன மாதிரியும் இல்லை. சபை தலையாட்டியது.

சித்திரவேல் எழுந்து நிற்க வேண்டும். அது அவனுக்குத் தெரிந்தது. நான்தான் கொடுத்தேன், அந்தக் காற்றுக்கு நான்தான் மாமன், அது செய்ததற்கெல்லாம் நான்தான் பொறுப்பு, என்ன செய்ய வேண்டுமோ என்னைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வார்த்தையும் தயாராக வாய்க்குள் இருந்தது. அவன் குனிந்து, வலையில் இல்லாத ஒரு சிக்கலைத் தேடிக்கொண்டிருந்தான்.

“தோ வந்துட்டேன்!”

கருவாட்டுக் களத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. ஊரே எழுந்துவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையெல்லாம் உப்போடு, மூச்சு வாங்க ஓடிவந்தாள் அவள்.

“என்னையத்தானே கூப்புட்டீங்க?”

சங்குத்திட்டுப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீதான் பவுனம்மாவா?”

“நான்தான். நான்தான்.” அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “இன்னொருவாட்டி கூப்புடு.”

அடிக்கத்தான் கை ஓங்கினாள் அந்தப் பெண். ஓங்கின கை அப்படியே நிற்க, அழுகை முந்திக்கொண்டு வந்துவிட்டது. “பவுனம்மா, நீ நல்லாருப்பியா, பவுனம்மா, என் குடியைக் கெடுத்தியேடி, பவுனம்மா, நீ வெளங்குவியாடி” என்று அவள் வைய வைய, இவள் ஒவ்வொரு பேருக்கும் “ம்” கொட்டிக்கொண்டு நின்றாள். வைது வைது அந்தப் பெண் ஓய்ந்தபோது, பவுனம்மா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். எந்த வீட்டில் யார் செத்தாலும் அவள் அப்படித்தான் சாய்த்துக்கொள்வாள். அந்தப் பெண்ணும் விலகவில்லை.

“ஒங்க ஊர்ல கைக்குழந்தைக்காரிங்க இருக்காங்களா?” என்று கேட்டாள் பவுனம்மா. “பாத்துக்க ஆளு வேணுமா?”

“ஆளே இல்லாமத்தான் கெடக்கு,” என்றான் வேனோடு வந்த ஆண்களில் ஒருவன்.

அவள் வேனில் ஏறினாள். அப்போதுதான் சித்திரவேலுக்கு வாய் வந்தது.

“எங்க போற? அவங்க ஒன்னையத் திட்டத்தானே வந்திருக்காங்க!”

“திட்டுறதுக்காவது கூப்புடுறாங்கண்ணே,” என்றாள் பவுனம்மா. “இளவேனிகிட்டச் சொல்லு, அத்தை நல்லாருன்னு சொல்லிச்சுன்னு.”

வேன் கிளம்பியது. வலையை மிதித்துக்கொண்டு சித்திரவேல் பின்னால் ஓடினான். அந்தப் பேரைக் கேட்டு இன்னும் ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, காதில் அப்படியே இருந்தது. வாயைத் திறந்தான். வரவில்லை. அது அவன் வாய்க்கு வரவில்லை. தெரு முனையில் வேன் திரும்பும்போது, வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், “தங்கச்சி!” என்று தொண்டை கிழியக் கத்தினான்.

தெருவில் அண்ணன் இருக்கிற பொம்பளைகள் அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வேனுக்குள் இருந்தவள் திரும்பவில்லை.